ஷட்ஜம் நகரும்போது: திருவனந்தபுரத்தில் ஹார்மனி கற்ற வரலாறு

ஐரோப்பிய இசைக்கருவிகள் தென்னிந்திய அரசவைகளுக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆனால் அந்த இசையின் அடிப்படை இலக்கணமான ஹார்மனி, அதாவது பல சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்து அக்கூட்டுகளை முறைப்படி நகர்த்தும் கலை, கருவிகளோடு சேர்ந்து வரவில்லை. திருவனந்தபுரத்தின் இசைக்கல்வி வரலாற்றில் இந்த இடைவெளி தெளிவாகத் தெரிகிறது.

முதற்சான்று வயலின். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அக்கருவியைக் கருநாடக இசைக்குப் பழக்கியவர்களுள் முன்னோடி. சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ஐரோப்பாவில் பல குரல் இசைக்குத் துணைநின்ற கருவி, இங்கே கமகங்களுடன் வாய்ப்பாட்டைப் பின்தொடரும் ஒற்றை வரிக் கருவியாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர சாகித்தியங்களிலும் இதுவே நிகழ்ந்தது. பேண்டு வாத்திய மெட்டுகள் சம்ஸ்கிருதச் சொற்களை ஏற்றன. மெட்டுக்கு அடியில் ஒலித்த கூட்டுச் சுரங்கள் கைவிடப்பட்டன.

இதை அறியாமை என்று கொள்வது தவறு. இரு இசை மரபுகளிலும் ஷட்ஜத்தின் இயல்பு வேறு. தம்புராவின் நிழலில் பாடுபவருக்கு ஷட்ஜம் அசையாத நிலம். பிற சுரங்கள் யாவும் அதை நோக்கியே பொருள் பெறுகின்றன. ஹார்மனியிலோ அதே ஷட்ஜம் கூட்டுக்குக் கூட்டு வேறு பணி ஏற்கிறது. சங்கராபரணத்தின் ச-க-ப கூட்டில் அது அடித்தளம். ம-த-ச கூட்டில் உச்சி. த-ச-க கூட்டில் நடுச் சுரம். சுருதி மாறாதிருக்க, அதன் நிறம் மாறுகிறது. இசை மாணவர் முதலில் கடக்க வேண்டிய தடை சுரக்குறிப்பு அன்று, இந்த நிற மாற்றமே.

இரண்டாவது தடையைக் கணக்கிட்டே காட்டலாம். ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக அடுக்கும் முறையில் 72 மேளகர்த்தாக்களையும் ஆராய்ந்தால், ச-க-ப அடுக்கு 36 மேளங்களில் அந்தர காந்தாரத்துடன் மேஜர் கூட்டாகவும், 24 மேளங்களில் சாதாரண காந்தாரத்துடன் மைனர் கூட்டாகவும் அமையும். சுத்த காந்தாரம் கொண்ட எஞ்சிய 12இல் இவ்விரண்டும் இல்லை. அடுத்து, ஷட்ஜத்துக்குத் திரும்பும் வேட்கையை எழுப்பும் ப-நி-ரி-ம கூட்டு. இதற்குச் சதுச்ருதி ரிஷபமும், காகலி நிஷாதமும், சுத்த மத்தியமமும் ஒருங்கே வேண்டும். அவ்வாறு அமைபவை ஆறே மேளங்கள்: கீரவாணி, கௌரிமனோகரி, வருணப்பிரியா, சரசாங்கி, சங்கராபரணம், நாகநந்தினி. மேலைப் பாடநூலின் முதல் அத்தியாயம் 72இல் ஆறுக்கே நேரடியாகப் பொருந்துகிறது.

இப்பின்னணியில்தான் நகரின் கல்வி நிறுவனங்களைப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல் தோன்றியது. இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என வழங்கும் இசைப்பள்ளி 1939இல் தொடங்கியபோது அதன் முதல் முதல்வரானவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் புகழ்பெற்ற ‘இங்கிலீஷ் நோட்’ அவர் ஆக்கமே. சங்கராபரணச் சுரங்களை மேலை மெட்டின் நடையில் தாவவிடும் அந்த உருப்படி, கூட்டுச் சுரங்களை விரித்து ஒற்றை வரியாக்கிய விளையாட்டு எனலாம். ஆயினும் 1943இல் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது ‘சங்கீத கல்பத்ருமம்’ என்னும், தமிழில் எழுதிய இசை இலக்கண நூலுக்காக. மேலை மெட்டு மேடையின் சுவையாக நின்றது. கல்வியின் பொருளாக இராக இலக்கணமே மதிக்கப்பட்டது.

அக்காலத்தில் சென்னையில் பி. சாம்பமூர்த்தி வேறொரு வழியைத் திறந்தார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் பயின்று திரும்பிய அவர், இந்திய இசை மாணவர்களுக்காகவே மேலை இசையின் அடிப்படைகளை விளக்கி நூல் எழுதினார். இதனால் ஹார்மனி தேர்வுக்குரிய அறிவாயிற்று. ஆயினும் கூட்டுச் சுரங்களின் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர், அவற்றைச் செவியால் ஒருமுறையும் பிரித்துக் கேளாமலே தேர்ச்சி பெற்றுவிடலாம்.

ஏட்டிலிருந்து தொண்டைக்கு அதனைக் கொண்டுவந்தது சேர்ந்திசை. 1925இல் சித்தூரில் பிறந்து, ‘பாதை தெரியுது பார்’ படத்தின் இசையால் தமிழரிடையே நினைக்கப்படும் எம்.பி. சீனிவாசன், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, பாரதியின் பாடல்கள் உள்ளிட்ட இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல்களுக்கு அமைத்தார். 1980களில் கேரளப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அப்பயிற்சியை அளித்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் அவர் மறைந்த பின்னரும் திருவனந்தபுரத்தில் அவர் பெயராலேயே இளைஞர் சேர்ந்திசைக் குழு தொடர்ந்தது.

சேர்ந்திசையின் கல்விப் பயன் எளிமையானது. ஒருவர் ஷட்ஜத்தில் நிற்க, அடுத்தவர் காந்தாரத்தில் நிற்க வேண்டும். அயலார் குரலைக் கேட்டுக்கொண்டே தம் வரியை விடாது பிடிக்க வேண்டும். ஷட்ஜம் நிறம் மாறுவதை மாணவர் உடலாலே அறிகிறார். பியானோ இன்றிப் பாடும்போது, தம்புராவில் இயல்பாக எழும் 5:4 விகித அந்தர காந்தாரத்தையே குழு எட்ட முடிகிறது. பியானோவின் காந்தாரம் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்தது. சுருதிப் பயிற்சி பெற்ற செவிக்கு இவ்விடத்தில் ஹார்மனி அயலானதன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கூட்டு ஒலிக்கச் சுரங்கள் நிலையாக நிற்க வேண்டும். தோடியின் காந்தாரமோ அசைவிலேயே உயிர்வாழ்வது. அதை நிறுத்தினால் கூட்டு கிடைக்கும், தோடி கிடைக்காது. ஹார்மனியைப் பொது இலக்கணமாகவும் இராகத்தை விதிவிலக்காகவும் கற்பிக்கும் பாடத்திட்டம் இந்த இழப்பை மறைத்துவிடும். ஹார்மனியை அறவே விலக்கும் பாடத்திட்டமோ, தாம் நாள்தோறும் கேட்கும் திரையிசை எவ்வாறு இயங்குகிறது என்பதையே மாணவர் அறியாதபடி செய்துவிடும். இரண்டையும் பாடிப் பார்த்து, ஒன்று நிற்குமிடத்தில் மற்றொன்று ஏன் நிற்பதில்லை என்று கேட்கவைப்பதே பல்கலைக்கழகத்தின் பணி. அதற்கு வேண்டிய முன்மாதிரி இந்நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது.