கோபன்ஹேகனும் கூப்பரேஜும்

நம் கால்பந்து மன்றத்தின் விழா மலருக்கு எழுத வேண்டும் என்று விழாக் குழுவினர் அன்போடு பணித்தார்கள். மும்பைத் தாராவியில் மன்றம் பிறந்த கதையும், முதல் செயலாளர் யார், முதல் கோப்பை எது என்பதும் நம் வீட்டுச் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு கால்பந்துக் கழகம் நூறாண்டு தாண்டி நிற்பதற்கு எது வேண்டும்?

விடை தேடும் முன் ஒன்று: பந்தாட்டம் தமிழருக்கு இரவல் செல்வம் அன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் இளங்கோவடிகள் கந்துகவரி பாடி வைத்தார். கொங்குவேளிரின் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்று தனியாக ஒரு பகுதியே உண்டு. அங்கே அரசியரின் தோழியர் அடிக்கும் அடிகளை எண்ணிப் போட்டியிடுகிறார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் இடத்தைத் தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இவையெல்லாம் கையால் அடித்த பந்து. ஆடியவர்கள் அனைவரும் பெண்கள். நம் வீட்டுப் பெண் குழந்தைகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இந்நூல்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.

நூறாண்டு தாண்டி நிற்கும் கழகத்தைத் தேடி இனி டென்மார்க்குக்குப் போவோம். அந்நாடு நமக்கு அந்நியம் அன்று. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தரங்கம்பாடியில் இடம் தந்தார். அவர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் எழுதுவித்த தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1706-இல் அதே கரையில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் தமிழ் அச்சுக்குச் செய்த தொண்டு நாம் அறிந்ததே. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

அதற்கு 31 ஆண்டுகள் கழித்து, 1876-இல், கோபன்ஹேகனில் கே.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கழகம் தோன்றியது. பிரிட்டன் நீங்கலான ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய கால்பந்துக் கழகமாக அதைச் சொல்வார்கள். அரசன் தொடங்கியதன்று, முதலாளி தொடங்கியதன்று. உறுப்பினர்கள் கூடிச் சந்தா கொடுத்து நடத்திய சங்கம். முதலில் வேறு பந்து விளையாட்டுகள், சில ஆண்டுகளில் கால்பந்து. வடக்கே ஆல்போர்க் நகரத்துக் கழகத்தை 1885-இல் தொடங்கியவர்கள் இரயில் பாதை போட வந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள். அவர்கள் ஆடியதோ கிரிக்கெட். இரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த மாட்டுங்காக்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

1889-இல் கோபன்ஹேகனில் பல்கலைக்கழகத்தாரின் ஏ.பி. கழகம் எழுந்தது. அணுவின் அமைப்பை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போர் அக்கழகத்தின் கோல்கீப்பர். ஓர் ஆட்டத்தில் பந்து எதிர்ப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தபோது, அவர் கோல் கம்பத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றார் என்று சொல்வார்கள். தம்பி ஹரால்டு போர் அவரினும் சிறந்த ஆட்டக்காரர். 1908 ஒலிம்பிக்கில் பிரான்சை 17-1 என்று வென்று வெள்ளிப் பதக்கம் பெற்ற டேனிய அணியில் ஆடியவர். கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வை அவர் 1910-இல் அவையில் நிறுவியபோது, கணித அறிஞர்களைவிடக் கால்பந்து ரசிகர்களே மண்டபத்தில் அதிகம் இருந்தார்களாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளையின் பூட்ஸை எடுத்துப் பரண்மேல் வைக்கும் பெற்றோருக்கு இந்த அண்ணன் தம்பியைத்தான் காட்டுவேன்.

தொழில்முறைக் கால்பந்து செலவு மிக்கது. 1992-இல் கே.பி.யும் பி-1903 என்ற மற்றொரு கழகமும் தங்கள் முதன்மை அணிகளை ஒன்றாக்கி எஃப்.சி. கோபன்ஹேகனை உருவாக்கின. புதிய அணி முதல் பருவத்திலேயே நாட்டுச் சாம்பியன் ஆயிற்று. ஆனால் கே.பி. கலைக்கப்படவில்லை. உறுப்பினர்களின் கழகமாக, பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுத்துக்கொண்டு, இன்றும் இருக்கிறது.

நம் மும்பைக்கு வருவோம். ரோவர்ஸ் கோப்பை 1891-இல் இங்கே தொடங்கியது. நெடுங்காலம் ஆங்கிலேயப் பட்டாளங்களின் கையில் இருந்த அதை, 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்று முதல் இந்திய அணி என்ற பெயர் பெற்றது. 1958-இல் கோப்பை நம் ஊர்க் கால்டெக்ஸ் அணிக்கு வந்தது. டாடா, மஃபத்லால், ஓர்கே மில்ஸ், ஏர் இந்தியா என்று கூப்பரேஜ் மைதானத்தில் மழைக்காலச் சேற்றில் மோதிய பெயர்களைக் கேட்டாலே பெரியவர்களின் முகம் மலரும்.

எஸ்.எஸ். நாராயணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா! ஒற்றப்பாலத்தில் பிறந்து, மாட்டுங்கா அணிகளில் ஆடி வளர்ந்து, கால்டெக்ஸுக்கும் டாடாவுக்கும் கோல் காத்தவர். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியின் இரு கோல்கீப்பர்கள் நாராயணனும், மெட்ராஸ் ரெஜிமென்ட் வளர்த்தெடுத்த பீட்டர் தங்கராஜும்தான். தங்கராஜ் முதலில் கோல் அடிக்கும் முன்கள வீரர். பிறகு கோல் காக்கக் கற்று 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் நின்றார். ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்னும் ஆள்வினையுடைமை அதிகாரத்து ஒன்பதாம் குறளுக்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது.

கூப்பரேஜில் மோதிய அந்த நிறுவன அணிகள் இன்று எங்கே? கால்டெக்ஸ் நிறுவனமே 1970-களில் அரசுடைமை ஆயிற்று. 1962-இல் பிறந்த மஹிந்திரா யுனைடெட் 2005-06-இல் தேசிய லீக்கை வென்றது; நான்கே ஆண்டுகளில், 2010-இல், நிறுவனம் அணியை மூடிவிட்டது. ரோவர்ஸ் கோப்பையும் புத்தாயிரத்தின் தொடக்கத்தோடு நின்றது. நிறுவனங்கள் வீரர்களுக்கு வேலை தந்தன, சோறு போட்டன. அந்த நன்றி நமக்கு உண்டு. ஆயினும் ஒரு கையெழுத்தில் பிறந்தவை ஒரு கையெழுத்தில் முடிந்தன. ஏ.பி. கழகம் எழுந்த அதே 1889-இல் கல்கத்தாவில் உறுப்பினர் சங்கமாக எழுந்த மோகன் பகானோ இன்றளவும் நிலைத்திருக்கிறது.

உறுப்பினராகக் கூடி ஆளும் கலை நம் முன்னோருக்குக் கைவந்தது. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரித்தார்கள். ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, சபை நடுவே ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, எல்லாரும் கேட்க வாசித்தார்கள். அண்மை மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்தில் விழாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும், அவர் உறவினருக்கும்கூட, இடம் கிடையாது. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே உரிமை என்ற அக்காலத்து வரம்பை நாம் தூக்கி எறிய வேண்டும். நம் மன்றத்தில் சாதிக்கும் சமயத்துக்கும் மொழிக்கும் வேலையில்லை. கணக்குக் காட்டுவதையும் பதவி மாறுவதையும் பொன்போல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் அம்மன் கொடை விழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். ஏழை என்றும் பணக்காரன் என்றும் பாராமல் வீட்டுக்கு வீடு ஒரே தொகை. கொடுத்தவன் எவனும் கொடையைத் தன் கொடை என்றே பேசுவான். மன்றத்துக்கும் அப்படி ஒரு வரி வேண்டும். புரவலர் ஒருவரின் காசோலையை மட்டும் நம்பி இருக்கலாகாது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் இம்மலரைக் கையில் வாங்கும் அன்றே, வீட்டுக்கு ஒருவர் சந்தா உறுப்பினராகப் பெயர் பதிய வேண்டும். பழைய ஆட்டக்காரர்களின் படங்களையும் ஆட்டப் பட்டியல்களையும் கொண்டுவந்து செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.