தாங்கி பெரியவரின் ஓவியம்: சாயக்கடையிலிருந்து அருங்காட்சியகம் வரை

வின்சென்ட் வான்கோ 1887 இல் பாரிஸ் நகரில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியங்களுள் புகழ்பெற்றது 'பேர் தாங்கி'. பேர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தந்தை என்று பொருள். ஜூலியன் தாங்கி என்ற வண்ணச்சாய வியாபாரியை ஓவியர்கள் பாசத்துடன் அப்படித்தான் அழைத்தார்கள்.

தாங்கி பணக்காரர் அல்ல. 1871 இல் பாரிஸ் கம்யூன் புரட்சியில் சேர்ந்து சிறை சென்றவர். பின்னர் மொன்மார்த்ர் பகுதியில் ஒரு சிறு கடை வைத்தார். காசில்லாத ஓவியர்களுக்குச் சாயமும் துணியும் கடனாகக் கொடுத்து, அதற்கு ஈடாக அவர்களின் ஓவியங்களைப் பெற்றுக்கொள்வார். செசான் ஓவியங்களைப் பாரிசில் பார்க்க வேண்டுமானால் பல ஆண்டுகள் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

1850களில் ஜப்பான் மேலைநாடுகளுக்குத் தன் துறைமுகங்களைத் திறந்தது. அதன்பின் அந்நாட்டு மர அச்சுப் படங்கள் ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்தன. பாரிசில் வான்கோ அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். அந்தப் படங்களையே தாங்கியின் பின்னணியாக வரைந்தார். வைக்கோல் தொப்பியும் நீலச் சட்டையும் அணிந்து, கைகளைக் கோத்தபடி நேராக அமர்ந்திருக்கிறார் பெரியவர். அவர் தலைக்கு மேலே பியூஜி மலை. இருபுறமும் கிமோனோ அணிந்த உருவங்களும் பூத்த மரங்களும். ஆழமான நிழல் இல்லை, கலக்காத பளிச்சென்ற வண்ணங்கள். பின்னணியில் மட்டுமல்ல, வரைந்த முறையிலும் ஜப்பானின் தாக்கம் தெரிகிறது.

இந்த ஓவியத்தைத் தாங்கி தம்மிடமே வைத்துக்கொண்டார். 1890 இல் வான்கோ இறந்தபோது இறுதிச் சடங்குக்குச் சென்ற சிலரில் அவரும் ஒருவர். 1894 இல் தாங்கியும் காலமானார். அவருடைய மனைவிக்கு உதவ, எழுத்தாளர் ஒக்டாவ் மிர்போ முயற்சியால் ஓர் ஏலம் நடந்தது. ஓவியர்கள் பலர் தங்கள் படைப்புகளை அதற்கு நன்கொடையாக அளித்தனர். கடன் கொடுத்தவரின் குடும்பத்துக்குக் கடன் வாங்கியவர்கள் செய்த கைம்மாறு எனலாம்.

தாங்கியின் மறைவுக்குப் பிறகு இந்த ஓவியத்தை வாங்கியவர் சிற்பி அகுஸ்த் ரோடின். 1916 இல் அவர் தம் படைப்புகளையும் சேகரிப்புகளையும் பிரெஞ்சு அரசுக்கு வழங்கினார். 1919 இல் பாரிசில் ரோடின் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓவியம் இன்றும் அந்த அருங்காட்சியகத்துக்கே உரியது.

ஜப்பானியப் பின்னணியுடன் வான்கோ தாங்கியை இன்னொரு முறையும் வரைந்தார். அது வேறு வழியில் போனது. ஹாலிவுட் நடிகர் எட்வர்ட் ஜி. ராபின்சனிடம் இருந்த அந்த ஓவியம், அவர் தம் சேகரிப்பை விற்றபோது கிரேக்கக் கப்பல் அதிபர் ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸின் கைக்கு மாறியது.

ஒரே மனிதரின் இரண்டு உருவங்கள். ஒன்று செல்வந்தர்களின் வீடுகளுக்குச் சென்றது. மற்றொன்று நுழைவுச் சீட்டு வாங்கும் எவரும் பார்க்கக்கூடிய பொதுச்சொத்தானது. எல்லோருக்கும் கடையைத் திறந்து வைத்திருந்த தாங்கிக்கு, இரண்டாவதுதான் பொருத்தமான இடம்.