இட்ரியா: ஒரு பாதரச நகரின் வரலாறு

மண்ணுள் மறைந்து கிடக்கும் செல்வம், அதனை அகழ்ந்தெடுக்கும் கைகளுக்கும் செல்வமாக அமைவது அரிது. ஸ்லோவேனியாவின் மேற்குப் பகுதியில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இட்ரியா நகரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

1490ஆம் ஆண்டில் மரத்தொட்டி செய்யும் தொழிலாளி ஒருவர், தாம் செய்த தொட்டியை ஊற்றுநீரில் ஊறவைத்தார். அதன் அடியில் வெள்ளியென ஒளிரும் கனத்த நீர்மம் திரண்டிருந்தது. இஃது அவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. 1508இல் வளமான சாதிலிங்கப் படிவு வெளிப்பட்டது. வெள்ளியையும் பொன்னையும் தாதுவிலிருந்து பிரிக்கப் பாதரசம் தேவைப்பட்டமையால் இட்ரியாவின் பெயர் ஐரோப்பாவெங்கும் பரவிற்று. ஸ்பெயின் நாட்டு அல்மடேனுக்கு அடுத்த பெரும் பாதரசச் சுரங்கமாக அது வளர்ந்தது. காலப்போக்கில் நிலத்தடியில் 700 கிலோமீட்டர் நீளச் சுரங்கவழிகள் உருவாயின. 1790இல் அமைந்த, 13.6 மீட்டர் விட்டமுள்ள நீர்ச்சக்கரம் 1948 வரை சுரங்கநீரை இறைத்து வெளியேற்றியது.

ஆயினும், இவ்வளத்திற்குத் தொழிலாளர் தந்த விலை பெரிது. பாதரச ஆவியைச் சுவாசித்தோருக்குக் கைகால் நடுங்கின, வாயில் புண் தோன்றிற்று, பற்கள் உதிர்ந்தன. 1754 முதல் 1769 வரை அங்கு மருத்துவராகப் பணியாற்றிய ஸ்கோபோலி, 1761இல் வெளியிட்ட நூலில் இந்நோயின் இயல்பை விளக்கினார். தொழிலாளர் நலம் பற்றிய ஆய்வில் அந்நூல் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

ஆடவர் கூலி குடும்பத்திற்குப் போதாமையால், மகளிர் மரக்கதிர்களில் நூல் சுற்றி லேஸ் பின்னிப் பொருளீட்டினர். அக்கலையைக் கற்பிக்க 1876இல் தோன்றிய பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. 1901இல் ஸ்லோவேனிய மொழியிலேயே பாடம் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளியும் அந்நகரில் எழுந்தது. அவ்வகைப் பள்ளிகளுள் அதுவே முதலாவது. முதல் உலகப் போருக்குப்பின் வந்த இத்தாலிய ஆட்சியில் அது மூடப்பட்டது. எனினும் மக்கள் தம் தாய்மொழியைக் கைவிட்டாரிலர்.

1970களில் பாதரச விலை சரிந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஐந்நூறாண்டுச் சுரங்கத்தொழில் ஓய்ந்தது. 2012இல் இட்ரியாவும் அல்மடேனும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயின. 2017இல் பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

ஒரு காலத்தில் உலகம் விரும்பி வாங்கிய பொருளை இன்று உலகமே விலக்குகின்றது. சுரங்கம் அடங்கிவிட்டது. வறுமையில் மகளிர் வளர்த்த கலையோ அடங்கவில்லை. கூலி போதாத இல்லங்களில் பிறந்த அப்பின்னலே இன்று இட்ரியாவின் பெயரை உலகறியச் செய்கின்றது.