ஆய்வுக்கூடமும் தொட்டிலும்

தொழிலா, இல்லறமா என்னும் வினா எழும்போது இளைஞர் பலர் ஒரு துலாக்கோலையே மனத்தில் காண்கின்றனர். ஒரு தட்டு உயர்ந்தால் மற்றது தாழ்ந்தே தீரும் என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சம் முற்றும் சரியானதுதானா? மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

மேரி 1867ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் வார்சா நகரில் பிறந்தார். அந்நாளில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே அவரும் அவர்தம் தமக்கை பிரோனியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மேரி பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருள் ஈட்டித் தமக்கையின் மருத்துவக் கல்விக்கு உதவுவார். கற்றுத் தேறும் தமக்கை பின்னர்த் தங்கைக்கு உதவுவார். இவ்வாறு பல ஆண்டுகள் பொறுத்திருந்தே, 1891இல் மேரி பாரிஸ் சென்று பயிலலானார்.

1895இல் பியேர் கியூரியை மணந்தார். 1897 செப்டம்பரில் ஐரீன் என்னும் மகள் பிறந்தாள். அதே மாதத்தில் பியேரின் தாயார் மறைந்தார். தனித்து நின்ற மாமனார், மருத்துவர் யூஜீன் கியூரி, மகன் இல்லத்திற்கே வந்து பேத்தியைப் பேணினார். பாட்டனாரின் பாதுகாப்பில் குழந்தை வளர்ந்த அந்நாளில்தான், 1898இல், பொலோனியமும் ரேடியமும் கண்டறியப்பட்டன. ஆய்வுக் குறிப்புகளை எழுதிய அதே கை, மகளின் எடையையும் பல் முளைத்த நாளையும் தனி ஏட்டில் குறித்து வைத்தது. 1903இல் கணவரும் மனைவியும் நோபல் பரிசு பெற்றனர்.

1906 ஏப்ரல் 19ஆம் நாள் பியேர் வண்டியில் அடிபட்டு இறந்தார். இளைய மகள் ஈவுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. அரசு அளிக்க முன்வந்த உதவித்தொகையை மேரி ஏற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கணவரின் இடத்தில் நின்று சார்போன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். முதிய மாமனார் 1910இல் மறையும்வரை பேத்தியர்க்குத் துணை நின்றார். நண்பர்களாகிய பேராசிரியர்கள் தம் பிள்ளைகளோடு ஐரீனையும் சேர்த்து, முறை வைத்துத் தாமே கற்பித்தனர். பெரான் வேதியியலும், லாஞ்சவன் கணிதமும், மேரி இயற்பியலும் சொல்லித் தந்தனர்.

இவ்வாழ்வில் இழப்பே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. தந்தையை இழந்த சிறுமியர்க்குத் தாயின் பொழுதும் குறைவாகவே கிடைத்தது. ஆயினும் மேரி மகளிர் இருவரையும் ஒரே வழியில் செலுத்தவில்லை. ஐரீன் அறிவியலை மேற்கொண்டு, 1935இல் கணவரோடு நோபல் பரிசு பெற்றார். ஈவ் இசையையும் எழுத்தையும் விரும்பினார்; தாயின் வரலாற்றை 1937இல் நூலாக்கியவர் அவரே.

மாணவ மாணவியரே! மேரியின் வெற்றி தனி ஒருவர் சுமந்த சுமையன்று. தமக்கையும் கணவரும் மாமனாரும் நண்பரும் அதில் தோள் கொடுத்தனர். ஆதலின், ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது ஊதியத்தை மட்டும் எண்ணிப் பாராதீர்கள். என் சுமையை யார் பகிர்வார், நான் யாருடைய சுமையைப் பகிர்வேன் என்றும் கேளுங்கள். இரண்டாம் வினாவை ஆண்மக்கள் மறவாது கேட்டல் வேண்டும். பேத்தியை வளர்த்த அம்முதியவர் தமக்கெனப் பரிசு எதுவும் பெறவில்லை. ஆனால் அவரின்றி அப்பரிசுகள் எளிதில் வந்திரா.