மெயின்ஃப்ரேமில் லினக்ஸ்: முதலில் நெட்வொர்க், மற்றதெல்லாம் அப்புறம்

வீட்டுக் கணினியில் லினக்ஸ் நிறுவும்போது நெட்வொர்க் ஒரு விஷயமே இல்லை. கேபிளைச் செருகினால் முகவரி தானாக வந்துவிடும். வரலைன்னாலும் எல்லாம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் அந்தக் கதை நடக்காது. அங்கே நிறுவி ஆரம்பத்திலேயே கேட்பது நெட்வொர்க்கைப் பற்றித்தான். அதற்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் உள்ளே போக முடியும்.

1999 டிசம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் உள்ள ஐபிஎம் ஆய்வகம், எஸ்/390 இயந்திரத்துக்கான லினக்ஸ் நிரல்களை வெளியிட்டது. (லினாஸ் வெப்ஸ்டாஸ் என்பவர் அதற்கு முன்பே ‘பிக்ஃபுட்’ என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கியிருந்தார். ஐபிஎம் களத்தில் இறங்கியதும் அது ஓரம்போனது. அதைத் தனியாகவே எழுதலாம்.) நியூயார்க் மாநிலத்தின் மாரிஸ்ட் கல்லூரி அதைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. 2000இல் சூசேயின் வணிகப் பதிப்பு வந்தது. 2002 ஜூலையில் டெபியன் 3.0 வந்தபோது அதிலும் எஸ்/390 இடம்பெற்றது.

சரி, நிறுவுவது எப்படி? பெரும்பாலும் விஎம் என்ற ஐபிஎம் மென்பொருள் உருவாக்கித் தரும் மெய்நிகர் இயந்திரத்தில்தான் நிறுவினார்கள். அதற்கு ஒரு மெய்நிகர் அட்டை வாசிப்பான் உண்டு. முகவரி 00சி. கெர்னல், அளவுருக் கோப்பு, தொடக்க ராம்டிஸ்க் மூன்றையும் 80 பைட் அட்டைகளாக ‘பஞ்ச்’ செய்து அந்த வாசிப்பானில் போட்டு, அங்கிருந்து பூட் செய்ய வேண்டும். 2000ஆம் ஆண்டில் ஒரு நவீன யூனிக்ஸ் வகை அமைப்பு துளையட்டையிலிருந்து எழுந்து வருகிறது, பாருங்க!

எழுந்தபின் உங்கள் முன் இருப்பது 3270 முனையம். அது நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் உடனே அனுப்பாது. என்டர் தட்டினால்தான் மொத்தமாக அனுப்பும். எனவே விஐ போன்ற முழுத்திரை நிரல்கள் அங்கே வேலைக்காகாது. மேற்கொண்டு நிறுவ வேண்டுமென்றால் டெல்நெட் அல்லது எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினியிலிருந்து உள்ளே வர வேண்டும். நெட்வொர்க் முதலில் வந்த காரணம் இதுதான். அந்த முதல் சில கேள்விகளை மட்டும் வரிவரியாக, கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுபோலக் கடக்க வேண்டும். ஒரு இலக்கம் தப்பினால் திரும்பவும் அட்டையிலிருந்து ஆரம்பம்.

அந்தக் கேள்விகளும் விசித்திரமானவை. ‘உங்கள் கார்டின் வாசிப்பு, எழுத்து, தரவு முகவரிகள் என்ன?’ ஒரே கார்டுக்கு எதற்கு மூன்று? மெயின்ஃப்ரேமில் ஒரு துணைச்சேனல் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நெட்வொர்க்கிலோ பேசவும் வேண்டும், எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். அதனால் வாசிக்க ஒன்று, எழுத ஒன்று. ஓஎஸ்ஏ-எக்ஸ்பிரஸ் கார்டுகளோடு வந்த கியூடிஐஓ முறையில் இந்த இரண்டும் கட்டுப்பாட்டுப் பேச்சுக்கு மட்டும். உண்மையான பொதிகள் மூன்றாவது முகவரி மூலம், நினைவகத்தில் உள்ள வரிசைகள் வழியாக நேராகப் போய்வரும். வாசிப்பு முகவரி இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும், எழுத்து முகவரி அதற்கடுத்த எண். அதாவது 0600, 0601, கூடவே தரவுக்கு 0602.

இனிமேல்தான் எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். கியூடிஐஓ கார்டுக்கான ‘கியூஎத்’ டிரைவரை ஐபிஎம் முதலில் மூலநிரல் இல்லாமல், தொகுத்த கோப்பாக மட்டுமே கொடுத்தது. பழைய வகை லேன் கார்டுகளுக்கான எல்சிஎஸ் டிரைவரும் அப்படியே. வீடு முழுக்கத் திறந்த மூலம், வாசல் கதவு மட்டும் பூட்டு! அந்தக் கோப்பு குறிப்பிட்ட கெர்னல் பதிப்போடுதான் பொருந்தும். நீங்களே கெர்னலைத் திருத்தித் தொகுத்தால் டிரைவர் ஏறாமல் போகலாம். திருத்தும் உரிமை தாளில் இருந்தது, திருத்தினால் வீட்டுக்குள் நுழைய வழியில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே சேர்க்கும் கொள்கை கொண்ட டெபியன் போன்றவர்களுக்கு இது தர்மசங்கடம்.

மாற்று வழியாகத் திறந்த மூல டிரைவர்களான சிடிசியும் ஐயுசிவியும் இருந்தன. சிடிசி என்பது இரண்டு இயந்திரங்களைச் சேனல் வழியாக நேருக்கு நேர் இணைப்பது. இவன் எழுதுமுனை அவன் வாசிப்புமுனையில் சேர வேண்டும், அதாவது என் வாய் உன் காதுக்கு. மாற்றிக் கோத்தால் இரண்டு வாய்களும் இரண்டு காதுகளும் எதிரெதிரே நிற்கும், பேச்சு நடக்காது. ஒவ்வொரு புது லினக்ஸுக்கும் விஎம்மின் டிசிபி/ஐபி அமைப்பில் ஒரு இணைப்பையும் வழித்தடத்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு விஎம் நிர்வாகியின் தயவு தேவை. லினக்ஸ் பழகிய இளவட்டமும் விஎம்மில் ஊறிய பழம் கைகளும் ஒருவரிடம் ஒருவர் பேசிப் பழக வேண்டிய கட்டாயம் இப்படித்தான் வந்தது.

பின்னர் ஐபிஎம் அந்த டிரைவர்களின் மூலத்தையும் திறந்துவிட்டது. 2003இல் விஎம்முக்குள்ளேயே மெய்நிகர் சுவிட்ச் வந்ததும் நேருக்கு நேர் கோக்கும் வேலையும் குறைந்தது. அப்படியும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. மூன்றாம் அடுக்கு முறையில் ஓஎஸ்ஏ கார்டு ஈதர்நெட் தலைப்பைத் தானே வைத்துக்கொண்டு ஐபி பொதியை மட்டும் லினக்ஸிடம் கொடுக்கும். தலைப்பை எதிர்பார்க்கும் டிஎச்சிபியும் டிசிபிடம்பும் குழம்பிப் போகும். போலித் தலைப்பு ஒட்டித் தர டிரைவரில் ஒரு விருப்பத்தையே சேர்த்தார்கள். இரண்டாம் அடுக்கு முறை வந்தபிறகுதான் மெயின்ஃப்ரேம் லினக்ஸின் நெட்வொர்க் மற்ற கணினிகளில் இருப்பதுபோல நடந்துகொள்ள ஆரம்பித்தது. ஆனால் அந்த மூன்று முகவரிகள் போகவில்லை. ரெட் ஹேட் நிறுவியின் அளவுருக் கோப்பில் இன்றைக்கும் அவற்றை வரிசையாக எழுதித்தான் தொடங்குகிறார்கள்.