அருவியும் விளக்கும்

மின்வலு வழங்குதற்கு இரு முறைகள் உண்டு. ஓரிடத்தில் பெருநிலையம் அமைத்து, நெடுந்தூரக் கம்பிகள் வழியே நாடெங்கும் அனுப்புவது ஒன்று. தேவைப்படும் இடத்திலேயே சிறு பொறி நிறுவி ஆக்கிக்கொள்வது மற்றொன்று. சூரிய ஒளியை மின்னாக்கும் தகடுகளை நகரத்துக் கட்டடங்களின் கூரைதோறும் பதிப்பதா, வெட்டவெளியில் ஒரே நிலையமாக அமைப்பதா என்று இன்று எழும் வினா புதியதன்று. இலங்கையின் மலைநாடு நூறாண்டுகளாக நீரைக்கொண்டு இவ்விரு முறைகளையும் சோதித்து வந்துள்ளது.

சிறிய முறையே முதலில் வந்தது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் ஓடைக்குப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே தேயிலைத் தோட்டங்கள் பல, தத்தம் ஓடையை மறித்துக் குழாய்வழி இறக்கிச் சுழலியை இயக்கின. அச்சுழற்சி முதலில் கொழுந்து உருட்டும் பொறிகளை வார்ப்பட்டையால் இயக்கிற்று. பின்னர் மின்னாக்கியையும் சுற்றிற்று. வெளியார் தயவு வேண்டியதில்லை. நீண்ட கம்பியும் வேண்டியதில்லை. ஆனால் வறண்ட மாதங்களில் ஓடை மெலிந்தால் விளக்கும் மங்கும். மழைக்காலத்து மிகுதியை அயல் தோட்டத்துக்குக் கொடுக்கவோ, தனக்குக் குறைந்தபோது வாங்கவோ வழியில்லை.

பெரிய முறையின் தந்தை பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, பிளக்பூலில், 1912இல் அவர் அமைத்த சிறு நிலையம் நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, மலைநாட்டு அருவிகளின் வலுவை நாடு முழுமைக்கும் பயன்படுத்தலாம் என வாதித்தது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதனையே வலியுறுத்தினார். பணமுடையும் உலகப் போரும் குறுக்கிட்டன. கெகல்கமு ஓயாவை நோட்டன் பிரிட்ஜில் மறித்து, இலட்சபானவில் 25,000 கிலோவாற்று நிலையம் இயங்கத் தொடங்கியபோது ஆண்டு 1950. 1958இல் அதன் வலு இருமடங்காயிற்று. பெரிய முறைக்கு விலையும் பெரிது: 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரே நீருள் ஆழ்ந்தது. வறட்சியில் நீர் வற்றுங்கால் பழைய கோயில் இன்றும் தலைகாட்டும்.

பொதுக் கம்பியில் மலிவாக மின்வலு வந்ததும் தோட்டங்கள் தம் சுழலிகளைக் கைவிட்டன. கால்வாய்கள் தூர்ந்தன, குழாய்கள் துருவேறின. எனினும் 1980களில் அவற்றுட் சில செப்பனிடப்பட்டன. 1996இல் டிக் ஓயாவின் சிறு நிலையம் பொது வலைக்கே மின்வலு விற்கத் தொடங்கிற்று. பகைவர்போல் நின்ற இரு முறைகளும் ஒரே கம்பியில் இணைந்தன. ஓடையின் மிகுதி வீணாவது நின்றது.

ஆயின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கொழுந்து பறித்தவரின் லயன்களுக்கு எந்த முறை ஒளி தந்தது? தோட்டத்துச் சுழலி பெரும்பாலும் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்குமே உழைத்தது. இலட்சபானவின் கம்பிகளோ, லயன் கூரைகளின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. கீழே நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கி இரண்டாண்டுகள் கழித்தே இலட்சபான இயங்கிற்று. வாக்கில்லாதவருக்காகக் கம்பி கேட்பவர் யார்? லயன்களுக்கு மின்சாரம் பரவலாக வந்தது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே.

ஆகவே, பெரிதா சிறிதா என்பது பொறியியலாளர் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டிய வினா. ஒளி யாருக்கு என்பது, அக்கணக்கு தானே தீர்த்துவைக்காத வினா. கூரைத் தகடு, கூரை உடையவனுக்கே முதலில் பயன்படும். மாடிக்கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவனுக்குக் கூரை தனதன்று. லயனில் பிறந்து லயனிலேயே மூத்தவர்களுட் பெரும்பாலோருக்கும் அவ்வாறே. அருவியின் வரலாறு அறிந்தோர், சூரியனைப் பங்கிடுமுன் இதனை நினைத்துக்கொள்வது நன்று.