அபின் உருண்டையிலிருந்து ஐபேட் வரை

போன மாசம் அக்காவோட சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயில்ல போக வேண்டி வந்தது. கூட அக்கா பையன், ரெண்டு வயசு. செங்கல்பட்டு வரைக்கும் ஜன்னல், விழுப்புரம் வரைக்கும் பிஸ்கட். விழுப்புரம் தாண்டினதும் ஐயா கச்சேரியை ஆரம்பிச்சுட்டார். சும்மா இல்லை, எட்டுக்கட்டை! எதிர் சீட்டுப் பெரியவர் பேப்பரை மடிச்சு வச்சார். ஒரு பார்வை. அப்புறம் ஒரு 'உச்'. பின் சீட்டிலிருந்து இன்னொரு 'உச்'. அக்கா முகம் சுருங்கிப் போச்சு. நான் மொபைலை எடுத்து ஒரு பொம்மைப் பாட்டைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். ரெண்டே செகண்ட். கப்சிப்.

பத்து நிமிஷம் கழிச்சு அதே பெரியவர் என்கிட்ட சொன்னார்: "இந்தக் காலத்துல பெத்தவங்களுக்குப் பொறுமையே இல்லை தம்பி. அழுதா உடனே போனைக் கையில திணிச்சுடறாங்க."

என்ன கொடுமை சார் இது!

அக்கா ஒண்ணும் சொல்லலை. திருச்சி தாண்டினப்புறம் மெதுவா கேட்டா: "ஏண்டா, நான் இவனைச் சரியா வளர்க்கலையா?"

எனக்குப் பதில் தெரியலை. ஊருக்குப் போய்ட்டு வந்து, ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மத்த நேரமெல்லாம் இதைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தேன். படிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிய கொசுவத்தி, பொறுத்துக்கோங்க.

*

கொசுவத்தி சுத்தற இடம் இங்கிலாந்து, நாட்டிங்ஹாம். 1840கள். லேஸ் துணிக்குப் பேர்போன ஊர். பொண்ணுங்க வீட்டிலேயே உட்கார்ந்து துண்டுக்கு இவ்வளவுன்னு கூலிக்கு லேஸ்ல பூ வேலை செய்வாங்க. ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கூட ஆகும். கையை எடுத்தா கூலி போச்சு. மடியில் குழந்தை அழுதா?

அதுக்குத்தான் கடையில் ஒரு பாட்டில் கிடைச்சது. பேரு காட்ஃப்ரே'ஸ் கார்டியல். வெல்லப்பாகு, தண்ணி, கொஞ்சம் வாசனைச் சாமான், கூடவே அபின். ஆமாங்க, அபினேதான். ஒரு ஸ்பூன் கொடுத்தா குழந்தை மணிக்கணக்கில் தூங்கும். குழந்தைத் தொழிலாளர்களைப் பத்தி விசாரிச்ச அரசாங்கக் கமிஷன் 1843ல் கொடுத்த அறிக்கையில் இது இருக்கு. 1845ல் எங்கெல்ஸ் எழுதின இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பத்தின புத்தகத்திலும் இருக்கு.

இதுல குழந்தைங்க எப்படிச் செத்தாங்கன்னு படிச்சப்போதான் வயித்தைப் பிசைஞ்சது. அளவு கூடிப்போய்ச் செத்தது ஒரு வகை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் கைமணத்துக்குக் கலக்குவார், வீரியம் கடைக்குக் கடை மாறும். பாட்டில் அடியில் அபின் படிஞ்சுடும், கடைசி ஸ்பூன் முதல் ஸ்பூனை விட பல மடங்கு கடுமையா இருக்கும். இன்னொரு வகை இதை விடக் கொடுமை. எப்பவும் மயக்கத்திலேயே கிடக்கிற குழந்தை பசின்னு அழாது. அழாததால யாரும் பால் கொடுக்க மாட்டாங்க. அப்படியே மெலிஞ்சு மெலிஞ்சு போய்டும்.

அழுகைங்கிறது தொந்தரவு இல்லை, தகவல். எங்க பாஷையில் சொன்னா எர்ரர் மெசேஜ். எர்ரரைச் சரி பண்ணாம மெசேஜ் வர்றதை மட்டும் நிறுத்திட்டா என்ன ஆகும்னு சாஃப்ட்வேர்காரங்களுக்குச் சொல்லணுமா என்ன.

அப்போ டாக்டர்களும் பத்திரிகைகளும் யாரைத் திட்டினாங்க? அம்மாக்களைத்தான். அறிவில்லாதவங்க, பொறுப்பில்லாதவங்கன்னு. பணக்கார வீட்டு ஆயாக்களும் இதே பாட்டிலைத்தான் திறந்தாங்க, ஆனா அந்தப் பேச்சு அவ்வளவா எழலை. 1868ல் விஷப்பொருள் விற்பனைக்கு இங்கிலாந்துல சட்டம் வந்தப்போ, இந்த மாதிரி 'பேட்டன்ட்' மருந்துகளுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. திட்டு அம்மாவுக்கு, லாபம் கம்பெனிக்கு. இந்தப் பேட்டர்னை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

*

அமெரிக்காவில் இதே கதைக்குப் பேரு மிஸஸ் வின்ஸ்லோ'ஸ் சூதிங் சிரப். 1849லிருந்து வித்தாங்க. உள்ளே மார்ஃபின். குழந்தைகள் நர்ஸா இருந்த மாமியாரோட பேரை வச்சு மருமகன் காசு பார்த்த பிசினஸ் அது. காலண்டர், சமையல் குறிப்புப் புத்தகம்னு வீட்டுக்கு வீடு விளம்பரம். அதுல சிரிச்ச முகமா ஒரு அம்மா, கொழுக்மொழுக்னு ஒரு குழந்தை. 1906ல் வந்த உணவு, மருந்துச் சட்டம் மார்ஃபின், ஆல்கஹால் மாதிரி சரக்கெல்லாம் உள்ளே இருந்தா லேபிள்ல போடணும்னு சொன்னப்புறம்தான் பல பேருக்கு உள்ளே என்ன இருக்குன்னே தெரிஞ்சது. 1911ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இந்த சிரப்பை 'குழந்தைக் கொல்லி' வரிசையில் சேர்த்து எழுதிச்சு.

'அது வெள்ளைக்காரன் கதை'ன்னு நாம நிமிர்ந்து உட்கார முடியாது. பம்பாய்ப் பஞ்சாலைகள்ல வேலை பார்த்த பொண்ணுங்க குழந்தைக்குப் 'பால கோலி'ன்னு சின்ன உருண்டை கொடுத்தாங்க. அதுலயும் அபின்தான். அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் குழந்தை தூங்கணுமே. 1931ல் இந்தியத் தொழிலாளர் நிலைமை பத்தி ராயல் கமிஷன் கொடுத்த அறிக்கை வரைக்கும் இந்தப் பிரச்சினை போச்சு.

பால கோலிக்கு உண்மையான மாற்று எதுன்னு பார்த்தா, அட்வைஸ் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்க ஒரு இடம், ஒரு ஆள். 1948 தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல வேலை பார்க்கிற ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்கணும்னு சொன்னது. 1976ல் அதை 30ஆக் குறைச்சாங்க. சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்கா நடந்துச்சான்னு கேட்காதீங்க. ஆனா யோசிச்ச திசை சரி.

நம்ம ஊர்ல வயல்ல நாத்து நடற பொண்ணுங்க மரக்கிளையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுட்டு வேலை பார்ப்பாங்க. ரயில்ல கூடப் பழைய புடவையில் தூளி கட்டறதைப் பார்த்திருப்பீங்க. அங்கேயும் நோக்கம் குழந்தை சும்மா இருக்கணும்கிறதுதான். ஆனா தூளியை ஆட்ட ஒரு கை வேணும். அதுதான் வித்தியாசம்.

ஒரு உபரித் தகவல். நம்ம வீட்டு அலமாரியில் எப்பவும் இருந்த கிரைப் வாட்டரும் அதே நாட்டிங்ஹாம் ஊர்க்காரர் வில்லியம் உட்வர்ட் 1851ல் பண்ணினதுதான். அபின் இல்லை, ஆனா பழைய ஃபார்முலாவில் சோடா உப்பு, சதகுப்பை எண்ணெய், சர்க்கரையோட ஆல்கஹால் 3.6 சதவீதம் இருந்துச்சு. இங்கிலாந்துல 1992 வாக்கில் அதை எடுத்துட்டாங்க. பாட்டி, அம்மா, பொண்ணுன்னு வழிவழியாச் சிபாரிசு பண்ற அந்த டிவி விளம்பரம் நினைவுக்கு வருதா? ஹிஹி.

*

இப்ப திரைக்கு வருவோம். 1950கள்ல அமெரிக்க வீடுகள்ல டிவி நுழைஞ்ச உடனேயே அதுக்குப் 'பிள்ளை பார்க்கிற ஆயா' வேலையும் வந்துடுச்சு. ஆனா அந்த ஆயா வரவேற்பறையை விட்டு நகர மாட்டா. ரயில்லயும் ஹோட்டல்லயும் குழந்தை அழத்தான் செஞ்சது.

1996ல் அமெரிக்காவில் ஒரு அம்மா தன் குழந்தைக்காக பேபி ஐன்ஸ்டீன்னு ஒரு வீடியோ கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2001ல் டிஸ்னி வாங்கிடுச்சு. குழந்தை அறிவாளி ஆகும்கிற நம்பிக்கையில் ஜனங்க வாங்கித் தள்ளினாங்க. 2006ல் ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்து, 2009ல் டிஸ்னி வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2008ல் பிரான்ஸ், மூணு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குன்னு தனியா நிகழ்ச்சி போடக் கூடாதுன்னு தன் நாட்டு டிவி சானல்களுக்குத் தடை போட்டது.

ஆனா அதுக்கு முன்னாடியே, 2007ல் ஐபோன் வந்தாச்சு. 2010ல் ஐபேட். படிக்கத் தெரிய வேண்டாம், விரல் இருந்தா போதும். ஆயா கைப்பைக்குள்ளே வந்துட்டா. சென்னையில் 2013ல் ஆரம்பிச்ச சூசூ டிவி உலகம் முழுக்க வாண்டுகள் பார்க்கிற பெரிய சானல் ஆச்சு. பெருமைதான், இல்லைன்னு சொல்லலை.

இங்கே நான் ஒரு வாக்குமூலம் கொடுக்கணும். 2012ல் யூட்யூப் ஒரு வீடியோவை எத்தனை பேர் திறந்தாங்கங்கிறதை விட்டுட்டு, எவ்வளவு நேரம் பார்த்தாங்கங்கிறதை முக்கிய அளவா வச்சு அடுத்த வீடியோவைச் சிபாரிசு பண்ண ஆரம்பிச்சது. அந்த யோசனை எல்லா ஆப்புக்கும் தொத்திக்கிச்சு. ஆப்பைத் திறந்தவங்க மூடாம இருக்க என்ன செய்யலாம்னு நானும் மாசக்கணக்கில் கோடு எழுதியிருக்கேன். கிராஃப் மேல போனா ஆபீஸ்ல கேக் வெட்டுவாங்க. அந்தக் கோட்டுக்குள்ளே எத்தனை ரெண்டு வயசு விரல்கள்னு நான் யோசிச்சதே இல்லை.

நியாயமாச் சொல்லணும்னா, போன் அபின் இல்லை. அரை மணி நேரம் பொம்மைப் படம் பார்த்து எந்தக் குழந்தையும் சாகலை. பிரச்சினை வேற. 2003ல் அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர், ஒன்பது மாசக் குழந்தைகளுக்கு சீன மொழியைக் கேட்க வச்சுப் பார்த்தாங்க. நேர்ல ஆள் வந்து விளையாடிப் பேசினப்போ குழந்தைங்க அந்த மொழியோட ஒலிகளைப் பிரிச்சறியக் கத்துக்கிச்சு. அதையே வீடியோவில் காட்டினப்போ ஒண்ணும் ஏறலை. 2022ல் ஜென்னி ராடெஸ்கி குழு 422 குடும்பங்களை வச்சுப் பண்ணின ஆய்வுல, 3லிருந்து 5 வயசுக் குழந்தை அழும்போதெல்லாம் போனைக் கொடுத்தே சமாளிச்ச வீடுகள்ல, குறிப்பா பையன்களுக்கு, அப்புறம் ஆத்திரமும் அழுகையும் கூடுதலா இருந்துச்சு. படபடப்பான குழந்தைக்கு அடிக்கடி போன் கிடைக்குது, போன் கிடைக்கக் கிடைக்கத் தானா சமாதானம் ஆகப் பழக மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே போகுது. 2019ல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வயசுக்குள்ளே திரையே வேண்டாம், 2லிருந்து 4 வயசு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு சொன்னது.

ஆக, எப்பவாவது கொடுத்தா குத்தம் இல்லை. அதுவே ஒரே மருந்தாப் போனாத்தான் வம்பு.

*

இப்ப அக்கா கேள்விக்கு வர்றேன். இந்தக் கதை நெடுக நான் பார்த்தது ஒண்ணுதான். குழந்தை வாயை மூடணும்னு கேட்டது அம்மா இல்லை. லேஸ் முதலாளி கேட்டார், மில் சங்கு கேட்டது, ரயில் பெட்டி கேட்குது. அம்மா கைக்கு எட்டினது எதுவோ அதைக் கொடுத்தா. விக்கிறவங்க சம்பாதிச்சாங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து அம்மாவைத் திட்டினாங்க. அந்த எதிர் சீட்டுப் பெரியவர் பாவம், 180 வருஷப் பழைய வசனத்தைத்தான் பேசியிருக்கார்.

போன ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் அக்காகிட்ட போன்ல சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அது சரிடா. அன்னிக்கு அவன் அழுதப்போ நீ ஏன் அவனைத் தூக்கிக்கிட்டுக் கதவோரம் ஒரு நடை நடக்கலை?"ன்னு கேட்டா.

அவ்வ்வ்வ்.

உண்மைதான். அன்னிக்கு அவளுக்குத் தேவைப்பட்டது இன்னொரு ஜோடி கை. நான் கொடுத்தது போன். அந்த 'உச்' சத்தம் தாங்காமத்தான் கொடுத்தேன், குழந்தைக்காக இல்லை.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள் மக்களே. அடுத்த தடவை ரயில்ல ஒரு குழந்தை அழுதா 'உச்' கொட்டாதீங்க. முடிஞ்சா உங்க சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக் காட்டுங்க. அதுவும் முடியலைன்னா ஜன்னலுக்கு வெளியே பாருங்க. கொஞ்சம் அழுதுட்டுத்தான் போகட்டுமே.

டிஸ்கி: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அதனாலதான் இவ்வளவு தைரியமா எழுதறேன். ஆனதுக்கப்புறம் இதே பதிவைக் காட்டி என்னைக் கலாய்க்க இப்பவே அனுமதி கொடுத்துடறேன்.